ஞாயிறு மத்தியானத்து நாகலோகம்

அவர் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். இதில் என்ன பெரிய விசயம் என்று தோன்றும். எங்கள் ஊரில் கேள்வி கேட்பவர்களே பதிலையும் சொல்லிவிடுவது வழக்கம். "சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்டாய், வா" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அவர் அப்படியில்லை. கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தபடி இருப்பார். அவசரப்படுத்துகிற பார்வையும் இல்லை, வேறு எதையோ யோசிக்கிற பார்வையும் இல்லை. எதிரே இருப்பவர்தான் தவித்துப்போவார்.

எங்கள் பகுதிக்கு அவர்தான் மருத்துவமாது. ஆரையம்பதியின் ஒழுங்கைகளில் வெள்ளைச் சீருடையோடு ஸ்கூட்டியில் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பார். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. நான் மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில்தான் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறஷர் பார்த்தார், கால் வீக்கம் பார்த்தார், பிறகு கதிரையை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு என்ன பயம்?"

"அவளுக்கு ஒரு பயமும் இல்ல மிஸ். நல்லாச் சாப்பிடுறாள்" என்றார் மாமி.

மிஸ் மாமியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். திரும்பவும் என்னைப் பார்த்தார். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வளவில் யாரோ தேங்காய் துருவினார்கள். நான் "ஒண்டும் இல்ல மிஸ்" என்றேன். அவர் அசையவில்லை. மாமி எழுந்து தேத்தண்ணி போடப் போனார். அதற்குப் பிறகுதான் அது என் வாயிலிருந்து வந்தது. அதுவரை எனக்கே தெரியாத ஒன்று.

"பிள்ளை பிறந்த பிறகு எனக்கு அதைப் பிடிக்காமப் போயிருமோ எண்டு பயமா இருக்கு."

அவர் அதிர்ச்சியும் அடையவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அப்பிடி நிறையப் பேருக்கு வாறதுதான்" என்று மட்டும் சொன்னார். என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. ஸ்கூட்டியில் ஏறப் போனவர் நின்று இன்னொரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்தில என்ன செய்வீங்க?"

"ஒண்டும் செய்யிறதில்ல மிஸ்."

"உங்கட அவரையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்ட வாங்க. ஒரு விளையாட்டு இருக்கு. ஆள் காணாது, இன்னும் வேணும்."

தாயம் அல்லது கரம்போட் என்று நினைத்துக்கொண்டு போனோம். அவருடைய சாப்பாட்டு மேசையில் பல முகங்கள் கொண்ட பகடைகள் கிடந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒரு விளையாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாராம். அதனுள் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. கோட்டைகள், நெருப்பு கக்கும் பறவைநாகங்கள், வாள் வீரர்கள். மிஸ் அதை முழுதாக வாசித்திருந்தார்.

"நல்ல விளையாட்டு. ஆனா இதில வாற காட்டில பனி கொட்டுது" என்றார். "பனிக்குள்ள எப்பிடி நடக்கிறதெண்டு எனக்குத் தெரியா. எங்கட கதையளிலயே நாகரும் இயக்கரும் அசுரரும் நிறையக் கிடக்கினம். அதால நான் வேற ஒண்டு செஞ்சு வச்சிருக்கிறன்."

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் போவார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று நடத்துபவர் சொல்வார். அங்கே என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வெல்வது, தோற்பது என்று எதுவும் கிடையாது. கதை எதுவரை போகிறதோ அதுவரை.

மிஸ்ஸின் கதையில், பழைய கதைகளில் வருகிற ஏழு கீழுலகங்களும் மட்டக்களப்பு வாவிக்கு அடியில் இருந்தன. தேவரும் அசுரரும் கடலைக் கடைந்த நாளில் சிந்திய அமுதத்தின் ஒரு துளி அந்த ஏழாவது உலகத்தில் கிடக்கிறது. அதை நாகர்கள் காக்கிறார்கள். கல்லடிப் பாலத்தின் கீழே மீன் பாடுகிறது என்று வெளியூர்க்காரர் வந்து காது கொடுத்துக் கேட்பார்கள் அல்லவா, அது மீன் இல்லை என்றார் மிஸ். நாகலோகத்துக் காவல்காரர்கள் முறை மாறும்போது ஆளையாள் கூப்பிடுகிற சத்தமாம். அதைச் சொல்கிறபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

மூன்றாவது ஆளாக ஜவாத் வந்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என் கணவர் சுதனோடு ஒன்றாகப் படித்தவன். காத்தான்குடியில் அவனுடைய வாப்பாவின் புடைவைக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். சுதன் கணக்கு வாத்தியார். எப்போதும் எதையாவது கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவர். அவர் புதையல் காக்கும் இயக்கன் ஆனார். எனக்கு அப்போது குனியக்கூட முடியாத வயிறு. அதனால் மரம் தாவுகிற வானரப் பெண் ஆனேன். ஜவாத்துக்கு எது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"சாமி, அசுரன் ஒண்டும் எனக்கு வேணா மிஸ். நான் மனிசனாவே வாறன்."

"வாங்களன். மனிசனுக்கு என்ன வேலை?"

கேட்டுவிட்டு மிஸ் இருந்துவிட்டார். ஜவாத் பிளேன்ரீ குடித்து முடித்தான். பணிஸைப் பிய்த்துத் தின்று முடித்தான். நான் "வைத்தியனா வாங்களன்" என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். மிஸ் என் கையை இலேசாகத் தொட்டார், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"கப்பல்ல போறவன்" என்றான் ஜவாத் கடைசியில். "எங்க போறதெண்டு தெரியாமப் போறவன்."

அந்தக் கடலோடிதான் எங்கள் மூவரில் உயிருள்ள பாத்திரமாக இருந்தான். இரண்டாவது கீழுலகத்தில் ஒரு நாக அரசி எங்களை மறித்தாள். வழி விட வேண்டுமானால் கடலோடி தன் நினைவுகளில் ஒன்றை விலையாகத் தர வேண்டும் என்றாள். ஜவாத் முதலில் பகிடியாக எடுத்துக்கொண்டான். கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களின் நினைவையெல்லாம் தருகிறேன், மூட்டை மூட்டையாக இருக்கிறது என்றான். நாங்கள் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள் அறையில் மிஸ்ஸின் கணவர் நித்திரை. மின்சாரக் கம்பத்தில் ஏறி இறங்குகிற வேலை என்பதால் ஞாயிறு முழுக்கத் தூங்குவார். அவருடைய குறட்டையும் மழையும்தான் கேட்டன.

"நான் முதன்முதலாக் கடலக் கண்ட நாள்" என்றான் ஜவாத். குரல் மாறியிருந்தது. "அதத் தாறன்."

மிஸ் அதை வாங்கிக்கொண்டார். அன்றோடு அது முடிந்துவிட்டதென்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு கதையில் கடல் வந்தபோதெல்லாம் எனக்கும் சுதனுக்கும் "கடல்" என்று சொல்லிவிட்டு, ஜவாத்தின் பக்கம் திரும்பி வேறு மாதிரிச் சொல்வார். "உங்களுக்கு இது என்னெண்டு தெரியா. பெருசா இருக்கு. அசையுது. அங்கால கரை தெரியல்ல." ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறும். ஜவாத் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கேட்பவன் போலவே கேட்பான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஊரில் பிறந்த நாங்கள் மூவரும், பெரியவர்களான பிறகு கடலைக் கவனித்துப் பார்த்தது அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான்.

அவருடைய இந்தப் பழக்கத்தைப் பிடிக்காதவர்களும் ஊரில் இருந்தார்கள். என் மாமி அதில் ஒருவர். நான் வயிற்றுப் பிள்ளையோடு விளையாடப் போகிறேன் என்று முறைப்பாடு செய்ய ஒருநாள் மிஸ்ஸின் வீட்டுக்கே போயிருக்கிறார். "சொல்லுங்கம்மா" என்று மிஸ் கேட்டுவிட்டு இருந்திருக்கிறார். மாமி முறைப்பாட்டை முடித்திருக்கிறார். மிஸ் இன்னும் இருந்திருக்கிறார். அரை மணித்தியாலம் கழித்து, தான் பெற்று மூன்றாம் நாள் இழந்த முதல் பிள்ளையைப் பற்றி மாமி சொல்லிக்கொண்டிருந்தாராம். சுதனுக்குக்கூட அப்படி ஒரு அண்ணன் இருந்தது தெரியாது. வீட்டுக்கு வந்து மாமி சொன்னது இதுதான்: "அந்தப் பொம்புளைக்கிட்ட இனி நான் போக மாட்டன். வாயத் துறக்காமலே ஆளத் தோண்டி எடுக்கிறாள்."

எனக்கும் சில நேரங்களில் அந்த மௌனம் பயமாகத்தான் இருந்தது. எங்களைப் பற்றி அத்தனை தெரிந்தவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. சில காலம் வாகரைப் பக்கம் வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. வற்றாளைக் கிழங்கு பிடிக்கும். இவ்வளவுதான். இப்போது அவர் இங்கே இல்லை. கணவரோடு கனடாவுக்குப் போய்விட்டார். தொலைபேசியில் பேசும்போதும் அப்படித்தான். கேட்டுவிட்டு இருப்பார். இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து நான் "ஹலோ, ஹலோ" என்பேன்.

எங்கள் விளையாட்டு ஏறக்குறைய நாலு வருடம் நடந்தது. மகள் பிறந்தாள், மேசைக்கடியில் தவழ்ந்தாள், நடந்தாள். நாங்கள் மூன்றாவது கீழுலகத்தின் வாசலுக்கு வந்திருந்தோம். அது ஒரு கிணறு. அடி தெரியாத கிணறு. இயக்கனும் வானரப் பெண்ணும் கயிற்றில் இறங்க, கடலோடி மேலே நின்று கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்கிறான். நாங்கள் அடியில் கால் வைத்தபோது சூரியன் சாய்ந்துவிட்டது. "மிச்சம் அடுத்த ஞாயிறு" என்றார் மிஸ்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர்.

அன்று காலை மட்டக்களப்பு நகரத்தில் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆராதனைக்கு வந்திருந்த பிள்ளைகள் பலர் செத்துப்போனார்கள். சுதனுடைய சித்தியின் மகள், நாங்கள் கல்லடி அக்கா என்று சொல்பவர், தன் ஒரே மகனை அன்று அந்த வாசலில்தான் இழந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை. ஜவாத்துக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும். சுதனோடு அந்த வீட்டுக்குப் போய் வருபவன் அவன். பிள்ளை அவனுடைய தோளில் ஏறி மாங்காய் பறிக்கும்.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைக்காட்சியில் காத்தான்குடி, காத்தான்குடி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குண்டு வைத்தவர்களுக்கும் ஜவாத்துக்கும் ஊர்ப் பெயரைத் தவிர வேறொரு தொடர்பும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஊரடங்கு போட்டார்கள். வீதியில் சோதனை. எங்கள் ஊர் ஆட்கள் அவன் கடைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். சாவு வீட்டுக்கு ஜவாத் வரவில்லை. எட்டாம் நாள் சடங்குக்கும் வரவில்லை. சுதன் அவனுக்கு அழைப்பு எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு மதில்தான் எல்லை. எங்கள் வீட்டுக்கு அவர்களுடைய பாங்கு சத்தம் கேட்கும்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிறு சுதன் தானாகவே, "மிஸ் வீட்ட போவமா?" என்றார். போனோம். மேசை வெறுமையாக இருந்தது. மிஸ் பகடைகளை எடுத்து வைத்தார். மூன்று கோப்பை தேத்தண்ணி கொண்டு வந்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் கிணத்துக்கடியில நிக்கிறீங்க. கயிறு மேல இருந்து தொங்குது."

"அந்தக் கடலோடியச் சாகக் குடுத்திருங்க மிஸ்" என்றார் சுதன். "நாகம் தீண்டிச் செத்துட்டான் எண்டு வைங்க. கதை நகரட்டும்."

"அவர் சாகல்ல."

"அவன் வரமாட்டான்."

"வருவாரோ வரமாட்டாரோ, அத அவர்தான் சொல்லோணும். அவர்ர ஆள நான் கொல்லேலாது."

"அப்ப நாங்க இதுக்குள்ளயே கிடக்கிறதா?"

மிஸ் சுதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதனுக்கு முகம் சிவந்தது. அவர் இலேசில் சத்தம் போடுகிறவர் இல்லை.

"உங்களுக்கு என்ன மிஸ், பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் தெரியும். ஒரு கோல் எடுத்து அவன வரச் சொல்லலாம்தானே? நீங்க கூப்பிட்டா அவன் வருவான். ஏன் கூப்பிடுறீங்க இல்ல?"

"நான் கூப்பிட்டா வருவார். எனக்காக வருவார்" என்றார் மிஸ். "வந்து உங்களுக்கு முன்னால எப்பிடி இருப்பார்?"

சுதன் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வெளியே போனார். மிஸ் பகடைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். அன்றுதான் அவர்மேல் எனக்கும் கோபம் வந்தது. இது பொறுமையா, இல்லை நோகாத இடத்தில் இருந்துகொள்கிற வழியா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதோடு விளையாட்டு நின்றது. கொரோனா வந்தது, போனது. மிஸ்ஸை ஒழுங்கையில் கண்டால் பிள்ளையைப் பற்றிக் கேட்பார். கிணற்றைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை.

பிறகு பெற்றோல் இல்லாமல் போன வருடம் வந்தது. நாட்டில் ஒன்றும் இல்லை. வாகனம் வைத்திருந்தவர்களெல்லாம் நாட்கணக்கில் கியூவில் நின்றோம். எங்கள் பக்கத்துக் கியூவின் தலை காத்தான்குடிப் பெற்றோல் செட்டில், வால் ஆரையம்பதியில். வீதி நடுவே வரிசையாக நிற்கிற பேரீச்ச மரங்களின் சொற்ப நிழலுக்கு ஆட்கள் போட்டி போட்டார்கள். மிஸ்ஸின் ஸ்கூட்டியும் அந்தக் கியூவில் நின்றது. அதற்கு அடுத்ததாகச் சுதனுடைய மோட்டார் சைக்கிள். நான் மத்தியானங்களில் சோற்றுப் பார்சலோடு போய்ச் சுதனுக்குத் துணையாக நிற்பேன்.

இரண்டாம் நாள் கியூ ஜவாத்தின் கடை வாசலைத் தாண்டி நகர்ந்தது. மிஸ் வெயிலில் ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நிற்பதை அவன் உள்ளேயிருந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாடி வைத்திருந்தான், மெலிந்திருந்தான். எங்களைக் கண்டதும் ஒரு நொடி தயங்கினான். பிறகு கதிரையை மிஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இருங்க மிஸ்."

மிஸ் இருந்தார். ஜவாத் போகவில்லை. சுதன் சார்ஜ் இல்லாத தொலைபேசியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு ஓட்டோவை இரண்டு பேர் தள்ளி நகர்த்தினார்கள். நாங்களும் எங்கள் வண்டிகளைத் தள்ளினோம். ஜவாத் கதிரையைத் தூக்கி மிஸ்ஸுக்கு நேராக வைத்தான். அதில் அமர்ந்தபடியே அவர் கேட்டார்.

"கை நோகல்லயா?"

"கதிர பாரமில்ல மிஸ்."

"கயித்தக் கேட்டன். மூண்டு வருசமாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க."

ஜவாத் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. தன் கையைப் பார்த்தான். பெற்றோல் செட்டின் பக்கம் யாரோ சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஒரு பஸ் போனது. மிஸ் காத்திருந்தார். அவன் எப்போது வாய் திறந்தாலும் சரி என்பதுபோல் இருந்தார்.

"இழுக்கப் போறன்" என்றான் ஜவாத்.

நான் சுதனைப் பார்த்தேன். அவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் வாய் அசைந்தது.

"கீழ ரெண்டு பேர் நிக்கிறம். பாரம் கூட. தனிய இழுக்கேலாது."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் ஜவாத்தோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒவ்வொராளா வாங்க" என்றான் ஜவாத். "முதல்ல அவ ஏறட்டும்."

பகடை இல்லை. அந்த நாட்களில் வீதி முழுக்கச் சைக்கிள்தான். அடுத்து வருகிற சைக்கிளில் பாரம் இருந்தால் பலிக்கும், வெறும் சைக்கிள் என்றால் பலிக்காது என்று மிஸ் தீர்ப்புச் சொன்னார். முதலில் வந்த சைக்கிளில் ஒருவர் மட்டும் வெறுமனே போனார். கயிறு வழுக்கியது. கடலோடியின் உள்ளங்கை கிழிந்தது. இரண்டாவது சைக்கிளும் வெறுமை. எங்களுக்கு முன்னால் நின்ற ஓட்டோக்கார ஐயா அதுவரை எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர். "என்ன புள்ள இழுக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார்.

"நானும் ஒரு கை பிடிக்கலாமா?"

"ஐயா யார்?" என்று கேட்டார் மிஸ். ஐயாவுக்கும் அதே மௌனம்தான் கிடைத்தது. "நான் அசுரன்" என்றார் அவர் கடைசியில், கொஞ்சம் வெட்கப்பட்டு. "கடல் கடைஞ்ச நேரம் நாங்களும்தானே இழுத்தம். எங்களுக்கு ஒண்டும் கிடைக்கல்ல. இழுத்துப் பழக்கம் இருக்கு."

அசுரன் கை கொடுத்த பிறகு வந்த சைக்கிளில் முன்னால் ஒரு காஸ் சிலிண்டர், பின்னால் பெண்சாதி, அவர் மடியில் ஒரு பிள்ளை. ஜவாத் கைதட்டினான். வானரப் பெண் வெளியே வந்தாள். இயக்கன் வெளியே வர அடுத்த நாள் ஆனது. அதற்குள் கியூவில் முன்னும் பின்னும் நின்ற பலர் அந்தக் கயிற்றில் கை வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு மிஸ் கனடா போகும்வரை ஞாயிறுகளில் விளையாட்டு நடந்தது. ஓட்டோக்கார ஐயாவும் வந்தார். இப்போது நான்தான் நடத்துகிறேன். எனக்கு அவரைப்போலப் பொறுக்க வராது. இரண்டு நிமிடம் ஆனால் பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் மிஸ்ஸைப் பற்றி நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்களுக்குப் பெற்றோல் கிடைத்த அந்த மத்தியானம்தான்.

பெற்றோல் அடித்துக்கொண்டு நாங்கள் செட்டின் ஓரத்தில் நின்றோம். ஜவாத் சுதனிடம் கேட்டான்.

"கல்லடி அக்கா அந்த வீட்டிலதான் இரிக்காவா மச்சான்?"

"ஓம்."

"அண்டைக்குச் சாவு வீட்டுக்கு வர நான் வெளிக்கிட்டன். சேட்டும் போட்டுட்டன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போனா மன்னிப்புக் கேக்க வந்தவன் மாதிரி இருக்கும். போகாட்டிக் குத்தம் செஞ்சவன் மாதிரி இருக்கும். எது எண்டு விளங்கல்ல. அப்பிடியே கதவுக்குள்ள நிண்டுட்டன். நிண்டா நிண்டதுதான்."

சுதன் மோட்டார் சைக்கிளில் ஏறினார். "பின்னால ஏறு" என்றார்.

நானும் மிஸ்ஸும் ஸ்கூட்டியில் அவர்களுக்குப் பின்னால் போனோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை. மிஸ் ஸ்கூட்டியை அந்தப் பக்கம் திருப்பினார், நான் ஏறிக்கொண்டேன்.

கல்லடி அக்காவின் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் சுதன் வண்டியை நிறுத்தினார். ஜவாத் இறங்கி நின்றான். வளவுக்குள் கொடியில் உடுப்புக் காய்ந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவன் கேற்றில் கை வைக்கவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"இன்னொரு நாளைக்கு வருவம் மச்சான்" என்றான்.

சுதன் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவசரமில்லை தம்பி, உங்களுக்கு எப்ப ஏலுமோ அப்ப, என்று அவர் சொல்வார் என்றுதான் இருவருமே நினைத்தோம். வேறு எதையும் அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மிஸ் ஸ்கூட்டியை விட்டு இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார்.

"இல்ல தம்பி. இப்ப."

"என்ன செல்லுறது மிஸ்?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்ல. நடங்க."

அவரே கேற்றைத் திறந்தார். ஜவாத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். மெதுவாக இல்லை, பலமாகத்தான் தள்ளினார். பிள்ளை பெறும்போது என் முதுகில் அந்தக் கை இருந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு அழுத்தமாக இருந்ததில்லை. ஜவாத் தடுமாறி உள்ளே போனான். மிஸ் வெளியே நின்றுகொண்டார். அப்போதுதான் கவனித்தேன், அவருக்கு மூச்சு வாங்கியது.

கேற்றுச் சத்தம் கேட்டுக் கல்லடி அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். படியில் நின்று பார்த்தார். ஜவாத் முற்றத்தின் நடுவில் நின்றான். அக்கா கையைச் சேலையில் துடைத்தார். இரண்டு கையையும் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய் தம்பி?" என்றார்.

ஜவாத் செருப்பைக் கழற்றப் படியில் குந்தினான். கழற்றிய பிறகும் எழும்ப முடியாமல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அக்கா இறங்கி வந்து அதே படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனைத் தொடவில்லை.

"நீ வாங்கிக் குடுத்த அந்தப் பச்சை ரீசேட்ட நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல" என்றார். "அதப் போட்டாத்தான் அவன் ரியூசனுக்கே போவன் எண்டு அடம்பிடிப்பான். உனக்குத் தெரியும்தானே?"

ஜவாத் தலையைத் தூக்காமலே ஓம் என்று ஆட்டினான்.

"எழும்பு. கை கழுவு. மீன் குழம்பு இருக்கு."

சுதன் உள்ளே போனார். நானும் போக ஒரு கால் எடுத்து வைத்தேன். மிஸ் கேற்றைச் சத்தமில்லாமல் சாத்தினார், நான் இந்தப் பக்கம் நிற்கும்படி.

"நாம போவம் புள்ள" என்றார். "அவங்க சாப்பிடட்டும்."